எல்லையில் எடுத்த ஏழு கற்கள்

அளவு நாடாவைச் சுருட்டும்படி நில அளவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அன்று காலை அந்த மனைப்பிரிவின் கடைசி வரிசையில் நின்ற அனைவரும் இதை அறிந்திருந்தோம். அவர் விரைவில் சொல்லிவிட வேண்டும் என்று பலரும், சொல்லிவிடக் கூடாது என்று ஒரே ஒரு பெண்ணும் காத்திருந்தனர். நான் எந்தப் பக்கம் என்பதில் பத்து மணிவரை எனக்கு ஐயம் இருக்கவில்லை.

எங்களுக்குக் கிழக்கே இராசபாளையம். நூற்பாலைகளின் கூரைகள், அவற்றைத் தாண்டிப் புதிதாக எழுந்த மாடி வீடுகள், அவற்றையும் தாண்டி, சென்ற ஆண்டுவரை மாந்தோப்பாக இருந்து இப்போது சுண்ணாம்புக் கோடுகளால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட செம்மண். மேற்கே காடு. ஊர் தோன்றுவதற்கு முன்பே இருந்த காடு. இன்று புலிகள் காப்பகம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அதன் கரைகளில் மருதும் நாவலும் புளியும் கிளையோடு கிளை கோத்து நின்றன. மலை அணில்கள் அந்தக் கிளைகளின் வழியே வந்து போயின. சாம்பல் நிறமும், உடலைவிட நீண்ட வாலும் உடைய அவை தரையில் இறங்கி நடக்க அஞ்சுபவை. கரைமரங்களை வெட்டினால் அவற்றின் பாதையே அற்றுப்போகும்.

அந்த மரவரிசை காட்டுக்கு உரியதா, மனைப்பிரிவுக்கு உரியதா என்பதே வழக்கு. ஓடைக்கு அப்பால், மேட்டில் சாயம் பூசி நிற்கும் கல்தான் காட்டின் எல்லை என்றார் மனை விற்றவர். இல்லை, ஓடைக்கு இப்பாலே, கடைசி வரிசை மனைகளுக்குள்ளேயே எல்லை காட்டும் பழைய கற்குவியல் ஒன்று இருந்தது என்றார் வனக்காப்பாளர். முப்பது வயதுகூட நிரம்பாத பெண். அந்த வனச் சரகத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரார் அவரைக் 'கார்டம்மா' என்றனர். அவர் கையில் ஒரு பழைய பதிவேட்டின் நகல் மட்டும் இருந்தது, குவியல் இல்லை. இடங்காட்டும் கைக்கருவி காட்டிய புள்ளியும் பழைய வரைபடமும் ஒத்துப்போகவில்லை. குறி கிடைக்காவிட்டால் மேட்டுக்கல்லையே எல்லையாக எழுதி மறுநாள் திருவில்லிபுத்தூர் அலுவலகத்தில் வைக்கப்போவதாக நில அளவர் சொல்லிவிட்டார். சாலை போடுவதற்கென்று வந்த மண்வாரி இயந்திரம் புளியமரத்து நிழலில் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, கால்களை வெளியே நீட்டி உறங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஆறு மனைகள். அவற்றுள் ஒன்று எங்களுடையது.

திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருமணமான நாள் முதல் அந்த ஊரின் வாடகை வீடுகளில் வாழ்ந்தோம். ஒன்பது வீடுகள் என்று என் மனைவி விரல்விட்டு எண்ணுவாள். எண்ணும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னவரின் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவாள். ஓய்வுக்குப் பின் கிடைத்ததை எல்லாம் இந்த மனையில் போட்டோம். வீட்டின் வரைபடத்தை அவளே ஒரு நாட்குறிப்பின் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தாள். அடுக்களைச் சன்னல் மலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அவள் விதித்த ஒரே நிபந்தனை.

கார்டம்மா ஓடைக்கரையில் ஒரு மருத மரத்தடியில் கடப்பாறையால் தோண்டிக்கொண்டிருந்தார். அது மூன்றாவது குழி. மனை விற்றவர் குடைக்குக் கீழே நின்று பார்த்தார்.

"ஏம்மா கார்டம்மா, பொதையல் எதுவும் பொதச்சு வச்சிருக்கியளா? காலையில இருந்து தோண்டிக்கிட்டே கெடக்கீக."

"பொதையல் இருந்தா ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி மொதல்ல மூக்கு வேர்த்திருக்கும்."

எங்கள் பக்கத்து மனைக்காரர் சிரித்துவிட்டார். நூற்பாலையில் வேலை பார்ப்பவர். இரவுப் பணி முடித்து நேரே வந்திருந்தார். தலைமயிரில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. சிரித்த மறுகணம் மனை விற்றவரின் முகத்தைப் பார்த்து அடங்கிக்கொண்டார்.

நில அளவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் தாரேன். பொறவு இருக்கிறத எழுதிக்கிட்டுக் கெளம்பிருவேன். பதிவேட்டுல என்ன போட்ருக்குன்னு சத்தமா ஒருக்கா வாசிங்க. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லட்டும்."

கார்டம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். ஓடையின் கிழக்குக் கரையில் இரட்டை மருது. அதற்குக் கிழக்கே பன்னிரண்டு அடியில் வெள்ளையடித்த கற்குவியல். குவியலின் அடியில், பாறையில் உளியால் வெட்டிய கூட்டற்குறி.

 அந்தக் குறியை நான் பார்த்திருக்கிறேன். என் கையால் தடவியிருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. ஓடையைக் கடந்து காட்டுக்குள் சிறிது தொலைவு ஏறினால் ஒரு சிறு கோயில் உண்டு. நான் கிறித்தவன், என் மனைவி பெருமாளை விடாதவள். அவள் கோயிலுக்குப் போகும்போது பையைச் சுமந்து உடன் செல்வதும், கிறித்துமசு நாளில் அவள் என்னுடன் ஆலயத்துக்கு வந்து பின்வரிசையில் அமர்வதும் எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம். எங்கள் பக்கத்து மலைக்கோயில் வழிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. சொந்த வீடு வேண்டுமென்று வேண்டிக்கொள்பவர்கள் வழியோரத்தில் கல்லின்மேல் கல்லை அடுக்கிச் சிறு வீடு கட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கோயிலைச் சுற்றி அத்தகைய வீடுகள் ஓர் ஊர் அளவுக்கு நின்றன. அதனால் நல்ல தட்டைக் கற்களுக்குப் பஞ்சம். நமக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டார்கள் என்று அவள் முகம் வாடினாள். நான் கல் தேடி ஓடை வழியே கீழே இறங்கினேன்.

இரட்டை மருதின் அருகில் அந்தக் குவியல் இருந்தது. பாதிக்குமேல் சரிந்திருந்தது; எனக்கு முன்பே பலர் அதைக் கண்டுபிடித்திருந்தனர். எஞ்சிய கற்கள் ஒரு பக்கம் வெள்ளையாக, அடுக்குவதற்கென்றே செய்தவைபோலத் தட்டையாக இருந்தன. அது என்ன என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. யாரோ கட்டி முடிக்காமல் விட்டது என்று நினைத்தேன். ஏழு கற்களை எடுத்தேன். கடைசிக் கல்லை நகர்த்தியபோது பாறையில் அந்தக் குறி சிலுவைபோலத் தெரிந்தது. பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீகளா, ஒங்க ஆளு நமக்கு முன்னால வந்து எடம் பிடிச்சிட்டாரு. இனி ரெண்டு பேர்ட்டயும் கேட்டாச்சு. வீடு வராம எங்க போகும்?"

நான்கு கற்கள் சுவராயின, இரண்டு கூரை, ஒன்று வாசற்படி. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அடுக்கினாள். அதைச் சுற்றி நின்ற கருங்கல் வீடுகளுக்கு நடுவே எங்களுடையது மட்டும் சுண்ணாம்பு பூசிப் புதுமனை புகுவதற்கு ஆயத்தமாக நின்றது.

மூன்று ஆண்டுகள் கழித்து மாந்தோப்பு மனைகளானது. விளம்பரத் தாளில் ஓடையைக் கண்டவுடன், கல் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பெருமாள் கொடுத்துவிட்டார் என்று அவள் கண்கலங்கினாள். கடைசி வரிசை எப்படி ஓடைக்கரைவரை நீண்டது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஆளுக்குச் சில கற்களாக அந்த எல்லையை எடுத்துச் சென்றதால்தான் நீண்டது என்பது, அந்தக் காலைப்பொழுதில், பதிவேட்டை வாசித்த பெண்ணின் குரலில்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் தோண்டிய இடம் தவறு. அந்த இரட்டை மருது இப்போது இல்லை; வெட்டினார்களோ விழுந்ததோ, அறியேன். அதன் அடிக்கட்டையையும் பாறையையும் சேர்த்து நிலம் சமன்படுத்திய மண் மேடாக மூடியிருந்தது. தள்ளி ஒற்றையாக நின்ற வேறொரு மருதை வைத்து அவர் அடி அளந்துகொண்டிருந்தார். மேலும் நூறு குழி தோண்டினாலும் அங்கே கிடைக்காது. குறி எங்கள் மனைக்குள் இருந்தது.

திரும்பினேன். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துப் புளியமரத்தின் பின்பக்கம் இழுத்துச் சென்றாள்.

"பேசாம நில்லுங்க."

"அந்தக் கல்லு..."

"தெரியும். எனக்கும் காது இருக்கு." அவள் மூச்சு இரைத்தது. "நாம மட்டுமா எடுத்தோம்? எடுத்தவுக எல்லாரும் இன்னைக்கு இங்க வந்து நிக்காகளா?"

"அந்தப் பொண்ணு..."

"சின்னப் பிள்ளை. மிஞ்சிப் போனா வேற ஊருக்கு மாத்துவாக. நமக்கு இன்னொரு எடம் யாரு குடுப்பா? இன்னும் எம்புட்டு வருசம் இருக்கப் போறோம்?"

 பணிக்காலம் முழுவதும் பிறருடைய சாட்சியங்களைத் தட்டச்சு செய்தவன் நான். 'எனக்குத் தெரியாது ஐயா' என்னும் தொடரை விரல்கள் தாமாகவே அடிக்கும். அதைச் சொல்லப்போகிறவர் சொல்வதற்கு முன்பே தம் கால்விரல்களைப் பார்ப்பார். நான் அதைக் கண்டவுடனே அடிக்கத் தொடங்கிவிடுவதும் உண்டு. அன்று புளியமரத்தடியில் என் செருப்பின் வாரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கிளையில் ஓர் அணில் விட்டுவிட்டுக் கத்தியது. ஆள் நடமாட்டம் கண்டால் அவை அப்படிக் கத்தும்.

நில அளவர் கோப்பைத் திறந்து முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். மனை விற்றவர் மண்வாரி ஓட்டுநரின் காலைத் தட்டி எழுப்பினார். அவர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு பொறியை முடுக்கினார். அந்த ஓசையில் அணிலின் குரல் அமிழ்ந்துபோயிற்று.

கார்டம்மா கடப்பாறையைப் போட்டுவிட்டு எங்களிடம் ஓடிவந்தார். நெற்றியில் மண்ணும் வியர்வையும் கலந்து வழிந்தது. என்னை விட்டுவிட்டு என் மனைவியின் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க அந்தக் கோயிலுக்கு வந்து போறவுகதான?"

"வருவேன்."

"அப்ப இந்தத் தடத்துலதான் நடந்திருப்பீக. வெள்ளையடிச்ச கல்லு, குமிச்சு வச்சது, கண்ணுல பட்டிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

என் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கீழே பார்த்தாள்.

"காட்டுல எம்புட்டோ கல்லு கெடக்கு தாயி. நான் எதக் கண்டேன்."

வாடகை வீட்டுக்காரர்களிடமும் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆணி அடித்துவிட்டால், அடித்தேன் என்பாள். அவள் குரல் அந்தத் தொடரின் கடைசியில் தேய்ந்து போனதை என்னால் தாங்க முடியவில்லை. நேர்மையின் பொருட்டு நான் பேசினேன் என்று எழுதினால் அது மிகை. அவள் அதை இரண்டாம் முறை சொல்ல நேரக் கூடாது என்பதே அப்போது என் நெஞ்சில் இருந்தது.

"நான் எடுத்தேன்" என்றேன்.

பொறியின் இரைச்சலில் கார்டம்மாவுக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். "அந்தக் கல்லை நான்தான் எடுத்தேன். கோயிலுக்கிட்ட அடுக்கி வச்சோம். குறி இங்க இல்லை, அந்த மண்மேட்டுக்கு அடியில இருக்கு."

நில அளவரின் பேனா நின்றது. மனை விற்றவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"சார், வெயிலு ஒத்துக்கலையா? செத்த நேரம் காருக்குள்ள ஏசி போட்டு ஒக்காருங்க. நீங்க காட்டுத எடம் யாரு பிளாட்டுன்னு தெரியுதா? ஒங்க பிளாட்டு சார்!"

"தெரியும்."

"யோவ், எம் பிளாட்டும் பக்கத்துலதான்யா இருக்கு!" என்று கத்தினார் ஆலைத் தொழிலாளி.

நான் மண்மேட்டின்மேல் ஏறி நின்று ஓர் இடத்தைக் காட்டினேன். கார்டம்மா தோண்டினார். ஆலைத் தொழிலாளி குழியின் விளிம்பில் நின்று, ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே எட்டிப் பார்த்தார். முழங்கால் ஆழத்தில் வெறும் மண். இடுப்பளவிலும் வெறும் மண். எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது. அதைவிட இழிவாக ஒரு நம்பிக்கையும் எழுந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். குறி கிடைக்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பல்ல. மனையும் எஞ்சும்.

"கெடைக்காது" என்றார் மனை விற்றவர், சிரித்தபடி நில அளவரிடம். "சாருக்குக் கனவு காணுத பழக்கம். எழுதுங்க சார் நீங்க."

அப்போது மனைவி புளியமரத்தடியிலிருந்து நடந்து வந்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் ஒருமுறை நோக்கினாள். ஓடையை, ஒற்றை மருதை, மறுபடி ஓடையை. பிறகு செருப்பின் நுனியால் நான்கடி தள்ளி ஒரு கோடு கிழித்தாள்.

"அங்க இல்ல. இங்க தோண்டு தாயி. அன்னைக்கு இங்க நின்ன மரத்து வேர்லதான் தூக்குவாளிய வச்சேன்." என் பக்கம் திரும்பினாள். "சொல்லித் தொலச்சாச்சு. சொன்னத ஒழுங்காவாவது சொல்லுங்க."

முதலில் மருதின் அடிக்கட்டை தட்டுப்பட்டது. அங்கிருந்து கிழக்கே நாடாவைப் பிடித்தார்கள். பன்னிரண்டாம் அடியில் கடப்பாறை பாறையில் மோதி ஒலித்தது. நில அளவர் தாமே குழிக்குள் இறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். ஈரத்தில் குறி கறுத்துத் தெரிந்தது.  மண்வாரி ஓட்டுநர் தாமாகவே பொறியை அணைத்துவிட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

அதன்பின் நடந்தவை விரைவாக நடந்தன. குறியிலிருந்து கோடு இழுத்தார்கள். எங்கள் மனையில் முன்பக்கம் ஒரு துண்டு எஞ்சியது. இரண்டு கட்டில் போடலாம், வீடு கட்ட முடியாது. ஆலைத் தொழிலாளியின் மனையிலும் ஏறக்குறைய அவ்வளவே. மனை விற்றவர் கைபேசியுடன் தொலைவாகப் போய்விட்டார். வழக்கு இத்துடன் முடியாது, மேல்முறையீடு போவார்கள் என்று நில அளவர் முணுமுணுத்தார். ஆனால் அன்று மரம் வெட்டப்படவில்லை.

கார்டம்மா என் வாக்குமூலத்தை எழுதினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"ஏழு கல்லுதான? எல்லைக்கல்ல எடுத்தது குத்தம்னு தெரியும்ல சார்?"

"இன்னைக்குத் தெரியும்."

"கேசு எழுதத்தான் செய்யணும். நான் எழுதாம விட்டா, கல்லே இல்ல, சார் சும்மா சொன்னாருன்னு நாளைக்குப் பேசுவாக. எடுத்தவரு இருந்தாத்தான் கல்லும் இருந்திருக்கும்."

அவர் சொன்னது சரி. கையொப்பமிட்டேன்.

"போங்க, கோர்ட்டு ஒங்களுக்குப் பழகுன எடந்தான" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

ஆலைத் தொழிலாளி எங்கள் அருகில் வந்து நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் குரல் தணிந்திருந்தது.

"வீடு வேணும்னு கல்ல எடுத்தீக. சரி, அது ஒங்க ஆசை. அதத் திருப்பி வைக்கிறதுக்கு என் வீடுதான் ஒங்களுக்குக் கெடச்சுதா சார்?"

காடு என்றோ, எல்லை என்றோ, ஊருக்குக் குடிநீர் தரும் ஓடை என்றோ நான் சொல்லியிருக்கலாம். அவை எல்லாம் உண்மை. இரவு முழுவதும் நின்று உழைத்துவிட்டு வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து அவற்றைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மனை விற்றவரிடம் போய்க் கேளுங்கள் என்பதும் பொருந்தாது. "நானும் ஒங்களோட வந்து அவருட்டப் பேசுதேன்" என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பேருந்துச் சாலைவரை ஒரு மைல் தொலைவு நடந்தோம். மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். நான் விரைந்தால் அவளும் விரைந்தாள். பெயர்ப்பலகைகள் நட்ட மனைகள், பாதி எழும்பிய சுவர்கள், புதுமனை புகுந்து வாழைமரம் இன்னும் வாடாத ஒரு வீடு. அந்த வீட்டின் முன் மட்டும் அவள் நடை தளர்ந்தது. நிற்கவில்லை.

பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தாள். இராசபாளையம் கடந்து, திருவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. இறங்கும் இடம் வந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமலே சொன்னாள்.

"வீட்டுக்காரம்மாட்ட நீங்களே சொல்லிருங்க. இந்த வருசமும் காலி பண்ணலைன்னு."

"சொல்லுதேன்" என்றேன்.